குருதியழுத்தமும் குருதி நாளமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் சங்கப் பாடல் முதல் புதுக்கவிதை வரை எத்தனையோ பொருள்கள் ஆராயப்பட்டுள்ளன. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கிய மேடைக்குச் சற்றுப் புதிது. உயர் குருதியழுத்தம் உடைய விலங்குகளுக்கு மருந்து கொடுத்தால் அவற்றின் குருதிக் குழாய்கள் என்ன ஆகின்றன என்பதே அப்பொருள். தமிழ் பயிற்றும் ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். ஒரு சொல்லை முன்னிட்டே இதற்குள் நுழைந்தேன். குருதி ஓடும் வழியை நாம் 'குழாய்' என்கிறோம். பாடநூலிலும் நாளிதழிலும் அன்றாடப் பேச்சிலும் அச்சொல்லே வழங்குகிறது. அது எந்த அளவுக்கு உண்மையைக் காட்டுகிறது, எந்த அளவுக்கு மறைக்கிறது என்று ஆராயப் புகுந்தபோது, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்கால ஆய்வு வரலாறு ஒன்று கண்முன் விரிந்தது. அதனை உங்களோடு பகிர்ந்துகொண்டு, இறுதியில் ஒரு வேண்டுகோளையும் முன்வைக்க விழைகிறேன்.

குழாய் என்னும் கருத்து

குருதிக்கு அழுத்தம் உண்டு என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டுப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தமனிக்குள் உலோகக் குழலொன்றைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழலை இணைத்து நிறுத்தினார். குருதி 8 அடி 3 அங்குல உயரம் வரை ஏறி நின்றது. 1733இல் அவர் வெளியிட்ட நூலில் இச்செய்தி இடம்பெற்றது. பின்னர், 1840களில், பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் மெல்லிய கண்ணாடிக் குழல்களில் நீர்மம் ஓடும் விதத்தை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். குழலின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடும் நீர்மத்தின் அளவு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சிறிதளவு சுருக்கம் பெரிதளவு தடையாகும் என்பது இதன் பொருள்.

இக்கணக்கு பொய்யன்று. நம் உடலில் அழுத்தத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை, ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான உள்விட்டமுடைய சிறு தமனிகளே. அவை சுருங்கினால் அழுத்தம் உயரும்; விரிந்தால் தாழும். ஆயினும் கண்ணாடிக் குழல் தானாகச் சுருங்குவதில்லை, தமனி சுருங்குகிறது. ஏன் சுருங்குகிறது, யார் சொல்லிச் சுருங்குகிறது என்னும் வினாவுக்குக் குழாய்க் கணக்கில் விடையில்லை. அவ்விடையைத் தேடியவர்கள் விலங்குகளிடம் சென்றார்கள்.

அமெரிக்க நாட்டின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்ட்பிளாட் என்னும் மருத்துவ அறிஞர், நாய்களின் சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனியைச் சிறு கவ்வியால் நெருக்கினார். உடல் முழுதும் குருதியழுத்தம் உயர்ந்து நிலைத்தது. 1934இல் வெளிவந்த இவ்வாய்வு, ஓரிடத்து நெருக்கடி உடலெங்கும் உள்ள நாளங்களை இறுகச் செய்யும் என்பதை உணர்த்தியது. நெருக்குண்ட சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைக் குருதியில் விடுகிறது. அதன்வழி ஆஞ்சியோடென்சின் என்னும் வேதிப்பொருள் உருவாகிறது. அது நாளச் சுவரின் தசையை இறுக்குகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆக, தமனி ஓலை கொண்டு வருவாரின் சொல்லைக் கேட்டு நடக்கும் ஓர் உறுப்பு எனலாம்.

பாம்பின் பெயரும் பாம்பின் நஞ்சும்

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் சிறப்பான இடம் உண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையைக் கவிஞர்கள் அறிந்திருப்பீர்கள். 'சிவன் அமல்பொடி' என்றும் மூலிகை நூல்கள் அதற்குப் பெயர் சொல்லும். அதன் வேர் உயர் குருதியழுத்தத்தைத் தணிக்கும் என்று 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து அஜ்மலின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அக்காலத்துப் புகழ்பெற்ற யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல்கான் பெயரை அதற்குச் சூட்டினார். 1933இல் ராம்நாத் சோப்ராவும் அவர்தம் கல்கத்தா ஆய்வுக் குழுவினரும் வேர்ச்சத்தை விலங்குகளுக்குச் செலுத்தி அழுத்தம் தாழ்வதைக் கண்டனர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளர்க்கு இம்மருந்தைக் கொடுத்துக் கண்ட பயனை ஆங்கிலேய மருத்துவ இதழொன்றில் வெளியிட்டபோது, உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அவ்வேரின் முதன்மைச் சத்தாகிய ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

ரெசர்பின் செய்யும் பணி யாது? நாளத்தை 'இறுகு' என்று ஏவும் நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அச்சேமிப்பை இம்மருந்து வறளச் செய்கிறது. ஏவல் குறைகிறது, நாளம் நெகிழ்கிறது. ஆனால் மூளையிலும் இத்தகைய சேமிப்புகள் உண்டாகையால், மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகள் குறித்த அச்சம் எழுந்தது. புதிய மருந்துகள் வந்தபின் ரெசர்பின் பெரிதும் வழக்கொழிந்தது.

ரெசர்பினுக்குப் பின் வந்த பெரிய மருந்தும் பாம்பிலிருந்தே வந்தது என்பது வியப்புக்குரியது. முன்னது பெயரால் பாம்பைச் சார்ந்தது. பின்னது நஞ்சால் சார்ந்தது. பிரேசில் நாட்டு ஜராராக்கா என்னும் விரியன் வகைப் பாம்பின் நஞ்சில், குருதியழுத்தத்தைத் தாழ்த்தும் பிராடிகைனின் என்னும் பொருளின் ஆற்றலைப் பெருக்கும் கூறு ஒன்று இருப்பதை அந்நாட்டு அறிஞர் செர்ஜியோ ஃபெரைரா 1965இல் எழுதினார். ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் நொதியையும் அக்கூறு தடுப்பது பின்னர்ப் புலனாயிற்று. அந்நஞ்சின் அமைப்பை வழிகாட்டியாகக் கொண்டு, 1970களின் நடுவில் அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி ஆகியோர் காப்டோப்ரில் என்னும் மருந்தை ஆக்கினர். 1981இல் அங்கு அது ஒப்புதல் பெற்றது. இன்று நம் மருத்துவமனைகளில் வழங்கும் எனலாப்ரில் மாத்திரை இதன் உடன்பிறப்பே.

எலிகள் கற்பித்த பாடம்

மருந்து அழுத்தத்தைத் தாழ்த்தும் என்பது ஒன்று. நாளத்தை நலமுறச் செய்யும் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய, நோய் தானே முளைத்து வளரும் ஓர் உயிர் தேவைப்பட்டது. ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒகமோட்டோ, அயோக்கி என்னும் இருவர், குருதியழுத்தம் மிகுந்த எலிகளைத் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக உடன்பிறந்தவற்றோடே இணைத்து வளர்த்தனர். 1963இல் அவர்கள் அறிவித்த எலிக்குலத்தில், பிறக்கும் எலிகள் யாவும் வளர வளர உயர் அழுத்தம் உடையனவாகின்றன. கவ்வியும் வேண்டா, உப்பும் வேண்டா. இளங்குட்டியாய் இருக்கையில் அழுத்தம் பெரிதும் இயல்பாகவே இருக்கும். சில வாரங்களில் ஏறத் தொடங்கும். மனிதரில் பெரும்பான்மையோர்க்கும் இந்நோய் இவ்வாறே, இன்ன காரணம் என்று சுட்டவொண்ணாமல், மெல்ல வருவதால் இவ்வெலிகள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றன.

அடுத்த திருப்பம் முயலிடமிருந்து வந்தது. குருதி நாளத்தின் உட்புறத்தில், ஒற்றை உயிரணுக் கனமே உடைய மெல்லிய படலம் ஒன்று விரிந்திருக்கிறது. எண்டோதீலியம் என்று அறிவியலார் கூறும் அதனை நாம் அகப்படலம் எனலாம். நெடுங்காலம் அதனைச் சுவரில் பூசிய சுண்ணாம்பு போன்றே எண்ணியிருந்தனர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனியை நறுக்கி ஆய்ந்தபோது, அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சில வேளைகளில் அதனை நெகிழச் செய்தது, சில வேளைகளில் செய்யவில்லை. எங்கெல்லாம் அகப்படலம் உரசி அழிந்திருந்ததோ அங்கெல்லாம் நெகிழ்ச்சி இல்லை. படலம் பழுதின்றி இருந்தால் நெகிழ்ச்சி உண்டு. 1980இல் இது வெளியாயிற்று. அப்படலம் விடுக்கும் 'நெகிழ்க' என்னும் ஆணை நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வளிமமே என்பது 1987க்குள் உறுதிப்பட்டது. 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவர்க்கும் இதன்பொருட்டு வழங்கப்பட்டது.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் ஒன்றுகூடியபோது, கியோட்டோ எலியின் நோய் தெளிவாகப் புலப்பட்டது. அதன் சிறு தமனிகளில் தசைச்சுவர் தடித்து, உள்வழி குறுகியிருந்தது. அகப்படலமோ நெகிழச் சொல்லும் ஆணையோடு, இறுகச் சொல்லும் பொருள்களையும் சேர்த்து விடுத்தது. 1986இல் லூஷர், வான்ஹூட் ஆகியோர் இதனை விளக்கினர். நண்பனும் பகைவனும் ஒரே வாயால் பேசுவது போன்ற நிலை எனலாம்.

இனி மருந்தின் செயலை நோக்குவோம். ஒரே அளவுக்கு அழுத்தத்தைத் தாழ்த்தும் இரு மருந்துகளை இவ்வெலிகளுக்குக் கொடுத்தால், நாளங்கள் ஒரே அளவுக்கு நலம் பெறுமா? குழாய்க் கணக்கின்படி பெறவேண்டும். உண்மையில் பெறவில்லை. காப்டோப்ரில் வகை மருந்துகளைப் பெற்ற எலிகளில் சுவர்த் தடிப்புக் குறைந்தது; அகப்படலத்தின் நெகிழ்த்தும் திறன் மீண்டது. நாளத் தசையை நேரே தளர்த்தும் ஹைட்ரலசின் வகை மருந்துகளைப் பெற்றவற்றில், அழுத்தம் இறங்கியும் சுவர் அதே அளவுக்குத் திருந்தவில்லை என்று பல ஆய்வுகள் கூறின. 1990இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஹாரப்பும் குழுவினரும் இன்னும் வியப்பான செய்தியைத் தெரிவித்தனர். நோய் முற்றாத இளம் எலிகளுக்குச் சில வாரங்கள் மட்டும் பெரிண்டோப்ரில் கொடுத்து நிறுத்தியபோதும், மருந்து பெறாத எலிகளைவிட அவற்றின் அழுத்தம் நெடுநாள் தாழ்ந்தே இருந்தது.

எலியில் கண்டது மனிதரில் காணுமா? கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஷிஃப்ரின் என்னும் மருத்துவர், நோயாளரின் இசைவோடு தோலடியிலிருந்து சிறு தமனிகளை எடுத்து ஆராய்ந்தார். ஓராண்டுக் காலம் ஒரு சாரார் சிலசப்ரிலும், மறு சாரார் அட்டினோலாலும் உட்கொண்டனர். இரு சாரார்க்கும் அழுத்தம் ஒப்பத் தாழ்ந்தது. ஆனால் சிலசப்ரில் பெற்றோரின் நாளச் சுவரே இயல்பை நோக்கித் திரும்பியது. 1994இல் வெளிவந்த இவ்வாய்வு எலியின் பாடத்தை உறுதிப்படுத்தியது.

எனினும் எல்லாப் பாடமும் அப்படியே பொருந்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நோயின் விளிம்பில் நின்ற 772 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அவர்களுள் ஒரு பாதியினர்க்குக் கேண்டசார்ட்டன் என்னும் மருந்து இரண்டாண்டுகள் தரப்பட்டது. அவ்விரண்டாண்டு முடிவில் வெற்று மாத்திரை பெற்றோருள் நூற்றுக்கு 40 பேரும், மருந்து பெற்றோருள் 14 பேரும் நோயுற்றிருந்தனர். மருந்தை நிறுத்தி மேலும் இரண்டாண்டு கழிந்தபின் அவ்வெண்கள் 63, 53 என்று நெருங்கிவிட்டன. எலிக்குட்டிக்குச் சில வாரம் போதியிருக்கலாம். மனிதர்க்கு அவ்வாறு போதவில்லை. மருந்து இருக்கும் வரையே காவல் பெரிதும் நிலைக்கிறது.

சொல்லும் உயிரும்

இங்கேதான் தமிழ் படித்தோர்க்குப் பணி தொடங்குகிறது. 'பிரஷர் நார்மலாயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்' என்னும் பேச்சை நம் ஊர்த் திண்ணைகளில் கேளாதார் இல்லை. அதனைச் சொல்வோர் அறிவிலார் அல்லர். குழாய் என்னும் சொல்லுக்குள் நின்று அவர்கள் மிகச் சரியாகவே சிந்திக்கிறார்கள். குழாயில் அடைப்பு இருந்தது, மருந்து ஊற்றினோம், நீர் சீராக ஓடுகிறது, இனி மருந்து எதற்கு? வீட்டுக் குழாயைப் பொறுத்தவரை இது முறையான வாதமே. ஆனால் எண் தாழ்ந்த நாளில் நாளச் சுவர் நலமுற்றுவிடுவதில்லை. தடித்த சுவர் மெலியவும், கெட்டுப்போன அகப்படலம் தன் கடமைக்குத் திரும்பவும் மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். அளவுப் பட்டையில் தோன்றும் எண் ஒரு செய்தி. நாளத்தின் நலம் வேறொரு செய்தி. முதலாவதை மட்டும் பார்த்து இரண்டாவதை மறந்தமையால், பக்கவாதமும் மாரடைப்பும் முன்னறிவிப்பின்றி வந்து நிற்கின்றன.

'நாளம்' என்னும் சொல் வடமொழி வழி வந்ததாயினும் நம் நூல்களில் நெடுங்காலம் பயின்றது. தாமரைத் தண்டையும் அது குறிக்கும். தாமரைத் தண்டும் உள்ளே துளையுடையதே. அதுவும் ஒரு வழியே. ஆனால் அது உயிருள்ளது; வளரும், வளையும், வாடும், நீரேற நிமிரும். குருதி ஓடும் வழிக்கு 'குருதி நாளம்' என்று சொன்னால், கேட்பவர் நெஞ்சில் இரும்பும் பிளாஸ்டிக்கும் தோன்றா. ஓர் உயிர்ப்பண்டம் தோன்றும். உயிருள்ளதை ஒரே நாளில் பழுதுபார்த்து முடிக்க இயலாது, பேண வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். கலைச்சொல் ஆக்கத்தில் தூய்மையைப் பற்றி நாம் நிரம்ப வாதாடியிருக்கிறோம். அச்சொல் கேட்பவரை எவ்வாறு எண்ணச் செய்கிறது, எவ்வாறு நடக்கச் செய்கிறது என்பதையும் இனி எண்ணவேண்டும்.

இது நம் மாவட்டத்திற்கு அயலான செய்தி அன்று. வீட்டிற்கே வந்து குருதியழுத்தம் அளந்து மாத்திரை வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். 2004 வரை அப்பகுதி நம் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. அதனை ஏன் தொடர்ந்து விழுங்கவேண்டும் என்னும் விளக்கம், விளங்கும் தமிழில், அதே வாசலுக்கு வந்து சேரவேண்டும்.

வாயில்லா உயிர்களின் கடன்

மற்றொன்றையும் இவ்வவையில் சொல்லாமல் விடுதல் அறமாகாது. இவ்வறிவு முழுவதும் குதிரையும் நாயும் முயலும் எலியும் தந்தது. அவை கேட்டுத் தரவில்லை, எடுத்துக்கொள்ளப்பட்டது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் பாடிய மொழியில் நின்று இதனைக் கூசாமல் பேச இயலவில்லை. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராய் இருந்தபோது விலங்குகள் வதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா கொணர்ந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூற, அவர் அதனைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். அச்சட்டம் உயிர்காக்கும் அறிவுக்காக விலங்காய்வை இசைந்து, தேவையற்ற துன்பத்தைத் தவிர்க்கக் கண்காணிப்புக் குழுவுக்கும் வழிசெய்தது. நாட்டியக் கலைஞர் ஒருவர் இவ்வாய்வுக்கூடங்களின் கதவைத் தட்டினார் என்பதைக் கலை இலக்கியத்தார் நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வுயிர்கள் தந்த அறிவைப் பெற்றும் பயன்படுத்தாமல் மாத்திரையை இடையில் எறிவது, அவற்றின் துன்பத்தை இருமுறை வீணாக்குவதாகும்.

அதியனும் நெல்லியும்

நாம் வாழும் இம்மண் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி, பெறற்கரிய நெல்லிக்கனியைப் பெற்றும் தான் உண்ணாது, அதன் பயனையும் கூறாது, ஔவைக்கு ஈந்தான். புறநானூறு காட்டும் அக்காட்சி நம் அனைவர்க்கும் மனப்பாடம். பயனைச் சொன்னால் அவள் வாங்க மறுப்பாள் என்பதனாலேயே அவன் மறைத்தான் என்று உரைகாரர் வழியில் நாம் பாடம் சொல்கிறோம். அன்று மறைத்தது அன்பு. ஒரே கனி, ஒரே முறை உண்பது; பயன் அறியாமல் உண்டாலும் பயன் தரும் என்பது அக்கனியைப் பற்றிய நம்பிக்கை. இன்றைய மருந்து அத்தகையதன்று. நாள்தோறும், ஆண்டாண்டாக, உடல் நன்றாய் இருப்பதாகத் தோன்றும் நாளிலும் உண்ண வேண்டியது. பயன் அறியாதவர் அதனைத் தொடர்ந்து உண்ணமாட்டார். ஆகவே இக்காலத்து அதியன் பயனைச் சொல்லி ஈயவேண்டும்.

அப்பயனைச் சொல்லும் பணியில் நம் வட்டமும் பங்கேற்கலாம் என்பதே என் வேண்டுகோள். பதினொன்றாம் ஆண்டில் நம் கவிஞர்கள் சிலர் சேர்ந்து, மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், ஒரே ஒரு பக்கத்தில் ஒரு துண்டறிக்கை எழுதித் தரவேண்டும். குருதி நாளம் என்பது என்ன, அது எவ்வாறு நோயுறுகிறது, மாத்திரை அதற்கு என்ன செய்கிறது, ஏன் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவோ மாற்றவோ கூடாது ஆகிய நான்கு செய்திகள் போதும். பென்னாகரத்துச் சந்தைக்கு வரும் மூதாட்டிக்குப் பேரப்பிள்ளை படித்துக் காட்டினால் விளங்கும்படி இருக்கவேண்டும். ஒரு பக்கம்தானே என்று எளிதாக எண்ணவேண்டா. நம் வட்டத்தில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் அதுவே கடினமான பக்கமாக அமையக்கூடும்.